நூற்றுக்கு இரண்டு

ஸ்டிக்கரை வெட்டி ஒட்டியது நான்தான்.
சிவப்பு எழுத்து, மெஷினுக்குப் பின்னால்:
கார்டு என்றால் நூற்றுக்கு இரண்டு கூடுதல்.
"கூடுதல் வேணாம், சேவைக் கட்டணம்னு போடு,
மரியாதையா இருக்கும்" என்றார் சம்பங்கி அண்ணன்.
இடம் போதவில்லை.
கூடுதலே நின்றுவிட்டது.

லாங் பஜாரில் கல்யாணத்துக்கென்றே ஒரு கடை.
மாடியில் முகூர்த்தப் பட்டு,
கீழே வெள்ளைப் புடவை, நெட்டு, கையுறை,
முத்து வைத்த கிரீடம்.
கல்லாவில் ஏழு வருஷமாக நான்.
ஐநூறுக்குமேல் ஒரு ரூபாய் ஒட்டி
மொய்க் கவர் எழுதுகிறவர்கள்
அந்த ஒன்றுக்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.
இந்த இரண்டுக்குத்தான்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படிக்கிறார்கள்.

ஒருத்தர் என்னைத் திருடி என்றார்.
ஒரு அம்மா சிரித்துக்கொண்டே,
"பொண்ணு வீட்டுக்காரங்கன்னா
ஆளாளுக்குப் புடுங்குவீங்களா கண்ணு?"
அது திருடியைவிடக் கூடுதல்.

கத்திரி வெயில், சனிக்கிழமை, மூன்று மணி.
எப்சிபா, நர்ஸ்,
ராத்திரி ட்யூட்டி முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள்.
கூட அவள் நைனா, காக்கிச் சட்டையோடு.
ஆட்டோ கோட்டை அகழி ஓரம் நிற்கிறதாம்,
போலீஸ்காரன் வருவதற்குள் போகணுமாம்.
பட்டு, நெட்டு, கிரீடம் எல்லாம் சேர்த்து
இருபத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது.
அவள் சம்பளம், அவள் கார்டு.

"மேல ஐநூத்தி அம்பத்தி மூணு வரும்ண்ணே."
"யாருக்கு?"
"பேங்குக்கு."
"பேங்கு கல்யாணத்துக்கு வருதா?"
நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"வராதவனுக்கு நாம இன்னாத்துக்கும்மா மொய் வெக்கணும்?"

எங்கிட்ட பத்தாயிரம் இருக்குது,
அதுக்காச்சும் தண்டம் அழ வேணாம் என்று
வெயிலுக்குள் இறங்கிப் போனார்.
பத்தாயிரத்துக்கு மிச்சம் இருநூறு.
அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

எப்சிபா பிளாஸ்டிக் நாற்காலியில்.
மடியில் நெட்டு, அதில் விலைச் சீட்டு.
கண் சொருகி, திடுக்கிட்டு விழித்து,
கார்டை நீட்டினாள்.
"முழுசா போட்டுடுங்கக்கா.
அவரு வர்றதுக்குள்ள."
நான்கு இலக்கத்தை
ஊசி போடுகிறவளின் விரலால் அழுத்தினாள்,
பார்க்காமலே.
பில் வந்தது.
கடைசி இரண்டு வரியை
ஸ்கேலை வைத்துக் கிழித்தேன்.
யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

முக்கால் மணி நேரம்.
முதல் ஏடிஎம்மில் பணம் இல்லை,
இரண்டாவதில் ஷட்டர்,
மூன்றாவது பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம்.
காக்கி முதுகு கறுத்திருந்தது.
"அக்கா தள்ளுபடி பண்ணிட்டாங்க நைனா" என்றாள்.
அவர் என்னைப் பார்த்து
இரண்டு கையையும் சேர்த்துவிட்டார்.
"நல்லா இருக்கணும்மா நீ.
அப்போ இது பிரியாணிக்கு அட்வான்ஸ்."

அவர் போன் இரண்டு தரம் ஒலித்தது.
"இன்னா வந்துருக்குது, படி."
"பத்தாயிரம் எடுத்துருக்கீங்களாம்."
"இன்னொண்ணு?"
"அதேதான் நைனா."
அது அதே இல்லை.
எங்கள் தெருவில் எல்லாருக்கும் வருகிற
இருபத்து மூன்று ரூபாய் அது,
வேறு பேங்கு மெஷினைத் தொட்டதற்கு.

ராத்திரி கணக்கு முடித்தோம்.
பேங்கு எங்களிடம் பிடிப்பது
நூற்றுக்கு ஒன்று எண்பதுதான்.
எப்சிபா பில்லில் மட்டும்
ஐம்பத்தைந்து ரூபாய் முப்பது பைசா
கடைப் பக்கம் தங்கியிருக்கிறது.
"டீச் செலவுல எழுதிக்கோ" என்றார் சம்பங்கி அண்ணன்.
எழுதினேன். டீயும் வந்தது, குடித்தேன்.

கிழித்த துண்டு இன்னும் கல்லாவில் கிடக்கிறது,
ரப்பர் பேண்டுகளுக்கு அடியில்.
சூட்டில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது.
மூன்றாவது ஐந்தா, மூன்றா என்று
இப்போதே சரியாகத் தெரியவில்லை.